நகரத்தின் நடுவே ஒட்டகச்சிவிங்கி: பழைய பூங்கா மிருகக்காட்சி சாலைகளை எப்படிப் பார்ப்பது?

லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் இருக்கும் மிருகக்காட்சி சாலைக்குள் ஒரு குளம் இருக்கிறது. பெர்தோல்ட் லுபெட்கின் என்ற கட்டடக் கலைஞர் 1934-இல் பெங்குயின்களுக்காகக் கட்டியது. முட்டை வடிவத் தொட்டி. அதன் நடுவே, கீழே தூண் தாங்கல் இல்லாமல், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்கும் இரண்டு வெள்ளைக் கான்கிரீட் சரிவுகள். பிரிட்டனில் ஒரு கட்டடத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் பாதுகாப்பு அதற்கு உண்டு. பெங்குயின்கள்தான் இல்லை. 2004-இல் அவற்றை வேறு குளத்துக்கு மாற்றிவிட்டார்கள். கான்கிரீட்டில் நடந்து நடந்து பாதம் புண்ணானது அதற்கு ஒரு காரணம்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் "இங்கே ஒண்ணும் இல்லையே" என்று கடந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் விலங்கு பார்க்க வந்தவர்கள். ஆனால் பழைய நகரப் பூங்காவுக்குள் அமைந்த மிருகக்காட்சி சாலைகளின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு தொட்டிக்குள் அடங்கியிருக்கிறது. விலங்குக்குப் பொருந்தாத கட்டடம். இடிக்க முடியாத கட்டடம். வேறு கட்டிக்கொள்ளப் பக்கத்தில் இடமும் கிடையாது, ஏனென்றால் சுற்றிலும் பூங்கா, பூங்காவைச் சுற்றி ஊர். இந்த இடங்களில் இன்று எது இருக்கிறது, எது இல்லை என்பதை வேறெதையும்விட எல்லைச் சுவர்தான் தீர்மானித்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தால் காலிக் கூண்டுகூடப் பேச ஆரம்பிக்கும்.

முதலில், ஊர் நடுவே சிங்கத்தையும் கரடியையும் கொண்டுவந்து வைக்கும் யோசனை யாருக்கு வந்தது? ஒருவருக்கு என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் அது அரண்மனை விவகாரம். வியன்னாவின் ஷான்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் 1752-இல் பேரரசர் முதலாம் பிரான்ஸ் அமைத்ததுதான் இன்றுவரை இடைவிடாமல் நடந்துவரும் மிருகக்காட்சி சாலைகளில் மிகப் பழையது. நடுவில் ஓர் எண்கோண மண்டபம். அதைச் சுற்றி, சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல, மதில் தடுத்த அடைப்புகள். அரச குடும்பம் மண்டபத்தில் உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பி எல்லா விலங்கையும் பார்த்துவிடலாம். விலங்குகளுக்கு மறைந்துகொள்ள இடம் வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த அமைப்பின் நோக்கமே எதுவும் கண்ணுக்குத் தப்பக்கூடாது என்பதுதான். அந்த மண்டபம் இன்றும் இருக்கிறது, உணவகமாக. அங்கே போகிறவர்கள் ஒரு காபி குடிக்கும் சாக்கில் ஜன்னல் வழியாக அந்தப் பழைய வட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். முழுத் திட்டமும் அங்கிருந்துதான் புரியும்.

பாரிஸில் கதை தலைகீழ். அங்கே ழார்டான் தே பிளான்ட் என்பது பதினேழாம் நூற்றாண்டில் அரசருக்கான மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் 1793-இல் அது தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாறியது. அதே ஆண்டின் இறுதியில் தெருவில் வித்தை காட்டுபவர்களிடம் இருந்த விலங்குகளைப் போலீஸ் பறிமுதல் செய்து அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. வெர்சாய் அரண்மனையில் மிஞ்சியிருந்த அரசரின் விலங்குகளும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தன. ஆக, மன்னரின் சொத்தும் தெரு வித்தைக்காரரின் பிழைப்பும் ஒரே தோட்டத்துக்குள் அடைபட்டு, அறிவியலின் பெயரால் மக்கள் சொத்தாயின. தோட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது, எனவே விலங்குகளும் அங்கேயே தங்கின. இடம் போதுமா என்ற கேள்வியை அந்தக் களேபரத்தில் யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்துக்கு 1827-இல் வந்த ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸுக்கு அனுப்பிய பரிசு. கப்பலில் மார்செய் வந்து, அங்கிருந்து பாரிஸ் வரை ஏறத்தாழ 880 கிலோமீட்டர் நடந்தே வந்தது. கூடவே ஐம்பது வயது தாண்டிய விலங்கியல் அறிஞர் எத்தியேன் ழெஃப்ருவா செயின்ட்-இலேரும் நடந்தார். வழியெங்கும் கூட்டம். பாரிஸ் பெண்கள் தலைமுடியை அதன் கொம்பைப்போல உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். 1845 வரை அது அந்தத் தோட்டத்தில்தான் வாழ்ந்தது. நகரப் பூங்காவுக்குள் விலங்கு வைப்பதன் ஈர்ப்பு என்ன என்று கேட்டால் இந்த ஒரு நடைப்பயணத்தைச் சொன்னால் போதும்.

லண்டன்காரர்கள் இதை ஒரு கனவான்கள் சங்கத்தின் வழியாகச் செய்தார்கள். சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் முன்னின்று 1826-இல் தொடங்கிய விலங்கியல் சங்கம், 1828-இல் ரீஜன்ட்ஸ் பார்க்கின் ஒரு மூலையில் விலங்குகளை வைத்தது. அனுமதி சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் சிபாரிசு செய்தவர்களுக்கும் மட்டும். பொதுமக்களுக்கு 1847-இல்தான் கதவு திறந்தது, அதுவும் பணமுடை வந்த பிறகு. டப்ளினில் 1831-இல் ஃபீனிக்ஸ் பார்க்கில் திறந்தது அடுத்த வரிசை. அந்தப் பூங்காவே 1662-இல் அரச மான் வேட்டைக்காக வளைத்த நிலம். மிருகக்காட்சி சாலைக்கு வெளியே, புல்வெளியில், அந்த மான்களின் வாரிசுகள் இன்றும் கூண்டில்லாமல் மேய்கின்றன. உள்ளே போக டிக்கெட் எடுத்தவர்கள் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அமெரிக்காவில் நடந்ததை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு 1858-இல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் வரைந்த திட்டத்தில் மிருகக்காட்சி சாலையே கிடையாது. ஆனால் பூங்கா திறந்த கையோடு மக்கள் விலங்குகளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். கரடிக்குட்டி, குரங்கு, அன்னம் என்று வளர்க்க முடியாததெல்லாம் பூங்காவுக்கு "அன்பளிப்பு" ஆனது. வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், பூங்காவின் ஓரத்தில் இருந்த பழைய ஆயுதக் கிடங்குக் கட்டடத்தைச் சுற்றிக் கூண்டு வைத்தார்கள். அப்படித்தான் ஒரு மிருகக்காட்சி சாலை முளைத்தது. அங்கே சேர்ந்த அன்னங்களில் இரண்டு ஜோடியை 1868-இல் சிகாகோவின் லிங்கன் பார்க்குக்குக் கொடுக்க, அங்கேயும் ஒன்று முளைத்தது. லிங்கன் பார்க் அதற்கு முன் ஊர் இடுகாடு. உடல்களை வேறிடங்களுக்கு மாற்றிய பிறகும் ஒரு குடும்பக் கல்லறை மட்டும் அசையாமல் இன்னும் நிற்கிறது. அங்கே இப்போதும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

நம் பக்கத்தில் இது காலனிய ஆட்சியோடு வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர், பாடம் செய்த உடல்களைவிட உயிருள்ள விலங்குக்குத்தான் கூட்டம் கூடுகிறது என்பதைக் கவனித்து 1855-இல் அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்னார்கள். பூங்கா நிலத்தை ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால், மூர் மார்க்கெட், விளையாட்டரங்கு என்று ஒவ்வொன்றாக வந்து கடித்துக்கொண்டே போக, கடைசியில் 1985-இல் விலங்குகள் வண்டலூருக்குப் போயின. இன்று பழைய இடத்தில் நின்று பார்த்தால் இங்கே புலி இருந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சென்னையில் நடந்தது விதிவிலக்கில்லை, வேகம்தான் வேறு. எண்களைப் பாருங்கள். லண்டன் மிருகக்காட்சி சாலை 36 ஏக்கர். பாரிஸில் சுமார் 14. சென்ட்ரல் பார்க்கில் வெறும் ஆறரை. இவற்றுக்கு மாற்றாக ஊருக்கு வெளியே அமைத்தவற்றின் பரப்பு வேறு ரகம்: லண்டன் சங்கம் 1931-இல் திறந்த விப்ஸ்னேடு சுமார் 600 ஏக்கர், வண்டலூர் ஆயிரத்துக்கும் மேல். பாரிஸும் 1934-இல் ஊர் ஓரத்து வென்சன் காட்டில் இன்னொன்றைத் திறந்து பெரிய விலங்குகளை அங்கே அனுப்பியது. பூங்காவுக்குள் இருந்தது மூடப்படவில்லை. உருவத்தில் பெரியவை கிளம்ப, சின்னவை தங்கின. நகர நடு மிருகக்காட்சி சாலையில் ஏன் யானை இல்லை என்று குழந்தை கேட்டால் பதில் இதுதான்.

யானை கிளம்பிய கதை பெரும்பாலும் ஒரே மாதிரி. லண்டனில் 1965-இல் யானைத் தோலைப் போலச் சொரசொரப்பான கான்கிரீட்டில் ஒரு யானைக் கொட்டகை கட்டினார்கள். கட்டடக்கலை ஆட்களுக்கு அது ஒரு பொக்கிஷம். யானைகளுக்கு நடக்க இடமில்லை. 2001-இல் ஒரு பராமரிப்பாளர் யானையால் இறந்தார். அதே ஆண்டு யானைகள் விப்ஸ்னேடுக்குப் போய்விட்டன. கட்டடம் நிற்கிறது. இந்தியாவில் 2009-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மிருகக்காட்சி சாலைகளில் உள்ள யானைகளை முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. நாளுக்குப் பல கிலோமீட்டர் நடக்கும் விலங்கை ஒரு பூங்காவின் மூலைக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இனிக் கட்டடங்கள். பழைய மிருகக்காட்சி சாலையில் எனக்கு விலங்குகளுக்குச் சமமாகப் பிடித்தவை இவைதான். சில இடங்களில் விலங்குகளைவிட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலங்கு எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டுக் கோயில் மாதிரியே வீடு கட்டிக்கொடுப்பது நாகரிகமாக இருந்தது. ஆன்ட்வெர்ப்பில் 1856-இல் எகிப்தியக் கோயில், புவெனஸ் அயர்ஸில் யானைக்கு இந்துக் கோயில். புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் 1912-இல் யானைகளுக்குக் கட்டியது குவிமாடமும் மினாரைப் போன்ற கோபுரமும் கொண்டது. முதல் உலகப் போரில் ஹங்கேரியின் கூட்டாளியாக இருந்த துருக்கிக்கு, மசூதி மாதிரி இருக்கும் கட்டடத்தில் யானையைக் கட்டிவைத்தது பிடிக்கவில்லை. 1915-இல் கோபுரத்தை இடித்தார்கள். எண்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கட்டினார்கள். இந்தக் கட்டடங்களில் விலங்கைப் பற்றிய அறிவு கொஞ்சம்தான் இருந்தது. விலங்கு வந்த நாட்டைப் பற்றிய கற்பனை நிறைய இருந்தது. தூர தேசமெல்லாம் நம் கைக்குள் என்று ஐரோப்பியர் சொல்லிக்கொண்ட காலம்.

இதில் ஒரு நல்ல விதிவிலக்கு, லண்டனில் டெசிமஸ் பர்ட்டன் 1830-களில் கட்டிய ஒட்டகச்சிவிங்கி வீடு. அலங்காரம் எதுவும் இல்லாத செங்கல் கட்டடம், ஒட்டகச்சிவிங்கி தலை குனியாமல் வந்துபோக நெடிய வளைவுக் கதவுகள். உலகத்தில் கட்டிய நோக்கத்துக்கே இன்றும் பயன்படும் மிகப் பழைய மிருகக்காட்சி சாலைக் கட்டடங்களில் ஒன்று அது. காரணம் எளிது. ஒட்டகச்சிவிங்கியின் உயரம் மாறவில்லை, கதவும் மாறத் தேவையில்லை. யார் பெயர் வாங்க வேண்டும் என்று யோசிக்காமல் உள்ளே யார் வாழப்போகிறார்கள் என்று யோசித்த கட்டடம் இருநூறு ஆண்டை நெருங்கியும் ஓய்வு பெறவில்லை.

கூண்டுக் கம்பியை எடுத்தெறிந்தவர் ஹாம்பர்க் விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக். 1907-இல் அவர் திறந்த பூங்காவில் சிங்கத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அகழி மட்டுமே. ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம் தாண்டும் என்று சோதித்துப் பார்த்து அகலத்தை முடிவு செய்தார்கள். அதன் பிறகு உலகெங்கும் செயற்கைப் பாறையும் அகழியும் மோஸ்தர் ஆயின. லண்டனின் மாப்பின் மலைகள் 1914-இல் அந்த வழியில் வந்தவை: கான்கிரீட்டில் செய்த, உள்ளே கூடான மலை. பின்னால் அதன் அடியில் மீன் காட்சியகம் கட்டியபோது தண்ணீர்த் தொட்டிகளை மலை வயிற்றுக்குள் வைத்தார்கள்! அகழி இருக்கும் இடத்தில் நிற்கும்போது ஒன்று செய்யுங்கள். கைப்பிடிச் சுவரை விட்டுக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, விலங்கின் பக்கம் உள்ள விளிம்பைப் பாருங்கள். புல் நுனியோடு புல்லாக ஒரு மெல்லிய மின்கம்பி ஓடும். மரத்தடியைச் சுற்றி உலோகத் தகடு இருக்கும். பின்னால் பாறைபோலத் தெரியும் இடத்தில் சாம்பல் நிறக் கதவு ஒன்று இருக்கும். இரவில் விலங்கு தூங்குவது அந்தக் கதவுக்குப் பின்னால். நாம் பார்ப்பது வரவேற்பறை, வீடு வேறு. சுதந்திரமாகத் திரிகிறது என்ற தோற்றத்தை உண்டாக்க எத்தனை ஏற்பாடு என்று அப்போது தெரியும். அகழியும் நிலத்தைத் தின்கிறது என்பது இன்னொரு விஷயம்: சின்னப் பூங்காவில் அகழி வெட்டிய பிறகு விலங்குக்கு மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் இந்தக் காலத்தில் பல இடங்களில் அகழியை மூடிக் கண்ணாடி வைக்கிறார்கள்.

அழகியலுக்கு இவ்வளவு போதும். கூச வைக்கும் பகுதியும் உண்டு, அதைத் தாண்டிப்போவது நேர்மையாகாது. பாரிஸின் புலோன் காட்டில் 1860-இல் திறந்த இன்னொரு விலங்குத் தோட்டம், 1877 முதல் ஆப்பிரிக்க, ஆர்க்டிக் மக்களைக் கொண்டுவந்து வேலிக்குள் 'காட்சி' வைத்தது. கூட்டம் அலைமோதியது. நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் 1906-இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரைக் குரங்குக் கூடத்தில் வைத்தார்கள். கறுப்பின மதகுருமார்கள் போராடி அவரை வெளியே கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டு கழித்து அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020-இல்.

போர் வந்தபோதும் இந்த இடங்கள் தப்பவில்லை, ஊரின் நடுவில் இருந்ததுதான் வினை. 1870-இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது உணவுக்காக விலங்குகளை அறுத்தார்கள். காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு யானைகளும் அதில் போயின. பெர்லின் டியர்கார்டன் பூங்காவின் மூலையில் 1844-இல் திறந்த மிருகக்காட்சி சாலையில் இருந்த 3,715 விலங்குகளில் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவை 91.

டோக்கியோவின் உவேனோ பூங்கா இன்னும் கனமானது. 1882-இல் திறந்த ஜப்பானின் முதல் மிருகக்காட்சி சாலை அது; வேலிக்குள்ளேயே 1639-இல் கட்டிய ஐந்தடுக்குக் கோபுரம் நிற்கிறது, பழைய கானேய்ஜி கோயிலின் மிச்சம். 1943-இல், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து விலங்குகள் வெளியேறிவிடும் என்று சொல்லி அவற்றைக் கொல்ல நகர நிர்வாகம் ஆணையிட்டது. மூன்று யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். போர் முடிந்து டோக்கியோ குழந்தைகள் யானை கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுத, 1949-இல் இந்தியாவிலிருந்து ஒரு யானை போனது. பெயர் இந்திரா. 1983 வரை அது அங்கே வாழ்ந்தது. உவேனோ போகிறவர்கள் பெரிய வரிசைகளில் நின்று முடித்த பின், இறந்த விலங்குகளுக்கான நினைவுச் சின்னத்தையும் தேடிப் பாருங்கள்.

இதே நகர நடு அடைப்புகளில்தான் சில இனங்களின் கடைசி உயிரும் போயிருக்கிறது. வரிக்குதிரையின் உறவான குவாகாவின் கடைசி ஒன்று 1883 ஆகஸ்ட் 12-இல் ஆம்ஸ்டர்டாமில் செத்தது. கடைசி ஒன்று என்று அன்று யாருக்கும் தெரியாது. டாஸ்மேனியப் புலியின் கடைசி ஒன்று 1936 செப்டம்பர் 7-இல் ஹோபார்ட் நகரின் குயின்ஸ் டொமைன் பூங்காவில் இருந்த சின்ன மிருகக்காட்சி சாலையில் போனது. மறு ஆண்டே அந்த மிருகக்காட்சி சாலையையும் மூடிவிட்டார்கள்.

சுவரைத் தள்ளிவைக்க முடியாதென்றால் உள்ளே இருப்பதைச் சுருக்கலாம். இன்று நன்றாக நடக்கும் நகரப் பூங்கா மிருகக்காட்சி சாலைகள் இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. சென்ட்ரல் பார்க்கில் இருந்ததை 1980-களில் மொத்தமாக இடித்து 1988-இல் புதிதாகத் திறந்தபோது யானையும் சிங்கமும் திரும்பி வரவில்லை. அப்படியும் ஒரு பனிக்கரடியை வைத்தார்கள். கஸ் என்று பெயர். 1990-களில் அது ஒரே தடத்தில் எட்டு வடிவத்தில் மணிக்கணக்காக நீந்திக்கொண்டே இருந்தது ஊர்ப் பேச்சானது, நடத்தை நிபுணரையே வரவழைத்தார்கள். 2013-இல் அது இறந்த பிறகு வேறு பனிக்கரடி அங்கே வரவில்லை.

லண்டனில் எதிர்த்திசைச் செய்தி. பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளில், ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்கிறேன் என்று 1970-களில் இன்னொரு வேட்டை நத்தையை இறக்குமதி செய்ய, அது ராட்சத நத்தையை விட்டுவிட்டு உள்ளூர் பார்ட்டுலா நத்தைகளைத் தின்று தீர்த்தது. மிஞ்சியவற்றை எடுத்துவந்து ஒரு சின்ன அறையில், பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்துப் பல தலைமுறையாகப் பெருக்கிய இடங்களில் ரீஜன்ட்ஸ் பார்க்கும் ஒன்று. நகத்தளவு நத்தைகள், ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு பொட்டுச் சாயம் வைத்து, பெட்டியில் அடுக்கி, விமானத்தில் அனுப்பித் திரும்பக் காட்டில் விட்டிருக்கிறார்கள். முப்பத்தாறு ஏக்கரில் யானையைக் காப்பாற்ற முடியாது, ஓர் இனத்தைக் காப்பாற்ற முடியும். ஆனால் நத்தைப் பெட்டியின் முன்னால் யாரும் வரிசையில் நிற்பதில்லை, டிக்கெட் வருமானம் புலியால்தான் வருகிறது. இந்த முரண்பாட்டுக்கு எந்த மிருகக்காட்சி சாலையும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மூடிவிடுவது இன்னொரு வழி. புவெனஸ் அயர்ஸ் 2016-இல் தன் பழைய மிருகக்காட்சி சாலையை மூடிச் சூழல் பூங்காவாக மாற்றுவதாக அறிவித்தது. சான்ட்ரா என்ற ஒராங்குட்டானுக்கு உரிமை உண்டு என்று அந்நகர நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அது 2019-இல் அமெரிக்காவுக்குப் போனது. மாரா என்ற யானை அடுத்த ஆண்டு பிரேசில் சரணாலயத்துக்கு. மற்றவற்றை அனுப்ப ஆண்டுக்கணக்கானது. அறிவிப்பு ஒரு நாள் வேலை. கிழட்டு விலங்கை ஏற்றுக்கொள்ள ஆள் தேடுவது அப்படியில்லை.

சுவர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றேன், சில நேரம் சுவரும் தோற்கும். 2023 பிப்ரவரியில் சென்ட்ரல் பார்க்கில் யாரோ வலையை வெட்டிவிட, ஃப்ளாக்கோ என்ற ஆந்தை வெளியேறியது. வாழ்நாளெல்லாம் அடைப்பில் இருந்த பறவை பட்டினியால் சாகும் என்று பயந்தார்கள். அது எலி பிடிக்கக் கற்றுக்கொண்டு ஓராண்டு மான்ஹாட்டன் முழுக்கச் சுற்றியது. 2024 பிப்ரவரியில் செத்துக் கிடந்தபோது உடலில் எலி மருந்தும் புறாக்களிலிருந்து தொற்றும் வைரஸும் இருந்தன. விடுதலை என்று கொண்டாடியவர்களும், அடைப்பிலேயே இருந்திருந்தால் பிழைத்திருக்குமே என்று வருந்தியவர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கும் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கதவு திறந்ததும் போய்விடுங்கள். இரவுக் கொட்டடியிலிருந்து வெளியே விட்ட முதல் ஒரு மணி நேரத்தில்தான் விலங்குகள் சுற்றி முகர்ந்து எல்லையைச் சரிபார்க்கும். மதியம் போனால் புலியின் முதுகுதான் மிஞ்சும். கூட்டம் வாசலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவதால், நீங்கள் கடைக்கோடிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பாருங்கள், குரங்குக் கூட்டத்தில் யார் பெரியவர் என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஒரு விலங்கு அதே தடத்தில், அதே இடத்தில் திரும்பி, நடந்துகொண்டே இருந்தால் அது விளையாட்டில்லை. அடைபட்ட விலங்கின் மன அழுத்தத்துக்கு அது பழைய அடையாளம். தீனி வரும் நேரத்துக்குச் சற்று முன் சில விலங்குகள் அப்படி நடப்பதும் உண்டு, ஆகவே ஒருமுறை பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். கண்ணாடியைத் தட்டாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

மரங்களையும் பாருங்கள். பாரிஸ் தோட்டத்தில் 1734-இல் நட்ட லெபனான் தேவதாரு இன்னும் இருக்கிறது, அங்கே இருந்த எந்த விலங்கைவிடவும் மூத்தது. இந்தியாவில் விதிப்படி வாரத்தில் ஒரு நாள் மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை. ஊருக்கு ஊர் கிழமை மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பராமரிப்பாளர் யாராவது வாளியோடு எதிரே வந்தால் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். பெயர்ப் பலகை அந்த இனத்தைப் பற்றித்தான் சொல்லும். இந்தக் குறிப்பிட்ட விலங்குக்கு யாரைப் பிடிக்காது, மழை வந்தால் என்ன செய்யும், இதற்கு முன் இந்த அடைப்பில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.